வாசித்ததாகக் கொள்ளலாம்

“பதினோராம் தீர்மானத்தோட இணைப்புத் தாளைக் காட்டுங்கய்யா. நகல் வேண்டாம். அசல்.”

கேட்கவே கூடாது என்று சொல்லிவைத்ததை முசோண்டா கேட்டுவிட்டாள். லுஃபுண்டா நகர மன்றத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலைக்கு அவள் வந்த முதல் நாளே, மன்றச் செயலர் சிலுங்வே அவளை எதிரே உட்காரவைத்து என்னென்ன கேட்கலாம் என்று சொல்லிவிட்டார். பேனா கேட்கலாம். காகிதம் கேட்கலாம். டீயில் சர்க்கரை போதவில்லை என்றால் அதையும் கேட்கலாம். நிறைவேறிய தீர்மானத்தின் இணைப்பை மட்டும் கேட்கக் கூடாது. நிறைவேறியதைத் திரும்பத் திறப்பது புதைத்த பெட்டியைத் தோண்டுவது மாதிரி, நாற்றம்தான் வரும் என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

இப்போது அவர் சிரிக்கவில்லை. அக்டோபர் வெக்கைக்குக் கழுத்துப் பட்டிக்குள் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு அவளையே பார்த்தார். எதற்கு என்று கேட்டார். தன் அம்மா பேர் அதில் இருப்பதாகத் தங்கள் குடியிருப்பான கம்புலுவில் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். அவர் சாவியை எடுத்து இரும்பு அலமாரியைத் திறந்து தாளை மேஜைமேல் போட்டார். ஆறு மாதத் தற்காலிக வேலைக்காரியைப் பார்த்து எவன் பயப்படுவான்.

மேலே நான்கு வரி டைப் அடித்திருந்தது. கீழே கையொப்பமிட்டுள்ள கம்புலு குடியிருப்பினராகிய எங்களுக்கு சிசெங்கா ஓடைக்கரை நிலத்தில் எந்த உரிமையும் இல்லை, அதை லாரி நிறுத்தம் அமைக்க ஒதுக்குவதில் எங்களுக்கு முழுச் சம்மதம். அதற்குக் கீழே அறுபத்து நான்கு பேர். பத்தொன்பது கைநாட்டு, மிச்சம் கையெழுத்து. முதல் பேர் அம்மாவுடையது. முசோண்டா ஒன்பதாவது படிக்கும்போது கொல்லைச் சுவரில் அடுப்புக்கரியால் எழுதிக் காட்டி அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்துகள், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. கடைசியில், “கையொப்பங்களைப் பெற்றவர்” என்ற இடத்தில் முசோண்டாவின் சொந்தக் கையெழுத்து, நல்ல வளைவும் நெளிவுமாக.

“நான் இதை எடுத்துட்டுப் போனப்ப மேல ஒண்ணுமே அடிக்கல. வெறுமையா இருந்துச்சு” என்றாள்.

“வெத்துத் தாள்ல ஊர்ப் பொம்பளைங்ககிட்டக் கையெழுத்து வாங்கினியா?” சிலுங்வே தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டார். “பட்டப்படிப்புல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?”

அடுத்த வாரம் வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவளை நிரந்தரமாக்கும் விஷயம் வருகிறது, ஞாபகம் இருக்கட்டும் என்றும் சொன்னார். முசோண்டா சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு, கைகளைக் குவித்து மூன்று தடவை மெல்லத் தட்டி, பெரியவர் மன்னிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கம்புலுப் பெண்கள் பெரியவர்களைக் கும்பிடுகிற முறை அது. அவர் முகம் இளகிற்று. அவள் தலை குனிந்திருந்தது பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால்.

நடந்தது ஆகஸ்டில். வார்டு கவுன்சிலர் கபாசோ கம்புலு தேவாலயக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார். மழை வரப்போகிறது, காலரா வரப்போகிறது, சாக்கடையில் குப்பை கொட்டாதீர்கள் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். ஓடையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கூடத்தின் பின்பக்கம் பெட்டி பெட்டியாகக் கலர் பாட்டிலும், கோணியில் பன்னும் இருந்தன. எங்கே கூட்டம் போட்டாலும் வழக்கம் ஒன்றுதான்: வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் பாட்டில். கையெழுத்துப் போடாமல் தொண்டை நனைக்க முடியாது. கபாசோ மேடையில் இருந்தபடியே முசோண்டாவை எழுந்து நிற்கச் சொல்லி, “நம்ம கம்புலுப் பொண்ணு, ஓடைத் தண்ணி குடிச்சு வளந்த பட்டதாரி” என்று காட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். தாளை அவள் கையில் கொடுத்து வரிசை வரிசையாகப் போகச் சொன்னார்.

அவள் புதுச் செருப்புப் போட்டிருந்தாள். தாளோடு ஓடி ஓடிப் போனாள். யாரும் தாளைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒரே ஒருத்தி, லோம்பே அம்மா, தாளை வாங்கித் திருப்பிப் பார்த்து, தலைப்பு எங்கே புள்ள, எதுக்குப் போடுறோம்னு ஒரு தலைப்பு வேணுமே என்றாள். லோம்பே அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாள்; எதையும் படிக்காமல் விடமாட்டாள். முசோண்டா, “வருகைப் பதிவுதான் அத்தை, சும்மா போடுங்க, கலர் சூடாயிடும்” என்றாள். லோம்பே அம்மா போட்டாள்.

சிசெங்கா ஓடைக்கரை மண் கறுப்பு. சுரங்கத்தில் ஆட்களைக் கழித்துவிட்ட வருஷம் ஆண்கள் சீட்டாட உட்கார்ந்தார்கள், பெண்கள் ஓடைக்கு இறங்கினார்கள். கோரையை வெட்டி, வேரைப் பிடுங்கி, பாத்தி கட்டி, வாய்க்கால் இழுத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. முசோண்டாவின் அம்மாவுக்குப் பதினோரு பாத்தி: கீரை ஆறு, வெங்காயம் மூன்று, பரங்கி இரண்டு. எண்ணெய் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு நீர் தெளிப்பார்கள். உருக்காலையிலிருந்து கந்தகப் புகை இறங்கும் நாளில் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து இலைகளைக் கழுவுவார்கள்; கழுவாவிட்டால் சாயங்காலத்துக்குள் இலை வெள்ளை வெள்ளையாகப் பொத்துப்போகும். யாருடைய பாத்தி என்று பார்க்கிறதில்லை, கிடைத்ததைக் கழுவுவார்கள். முசோண்டா பள்ளிக்கூடம் போனது, அங்கிருந்து தலைநகரில் நான்கு வருஷம் படித்தது, எல்லாம் அந்தப் பதினோரு பாத்தியில் முளைத்ததுதான். பட்டம் வாங்கி வந்த அன்றைக்கு ஓடைப் பெண்கள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் நிலம் அளக்கிறவர்கள் வந்து பாத்திக்கு நடுவே சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். டிசம்பர் முதல் தேதி லாரிகள் சுரங்கக் கசடு கொண்டுவந்து கொட்டி ஓடைக்கரையை மேடாக்கும் என்றார்கள். லாரி நிறுத்தத்தை எடுத்திருப்பவன் கபாசோவின் மைத்துனன் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. நீங்களே கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தீர்கள் என்று அளக்கிறவன் சொன்னபோது பெண்களுக்கு விளங்கவில்லை. யார் வாங்கினார்கள் கையெழுத்தை என்று கேட்டதும் விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து முசோண்டாவின் அம்மா ஓடைக்கு வந்தால் யாரும் கைதட்டிக் கும்பிடுவதில்லை. வாய்க்கால் தண்ணீர் அவள் பாத்தி வரப்பு வரைக்கும் வரும், அங்கே ஒரு கட்டி மண் அடைத்திருக்கும். போன வாரம் புகை இறங்கியது. பத்துப் பாத்திக்கு அப்பால் நின்று எல்லாரும் எல்லாருடைய இலையையும் கழுவினார்கள், அம்மாவுடையதைத் தவிர. அவள் ஒற்றை ஆளாக டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆறு பாத்திக் கீரையில் நான்கு போயிற்று.

தாளைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம் அம்மா முற்றத்தில் ஷிமா கிண்டிக்கொண்டிருந்தாள். சோள மாவு கொதித்துத் தெறித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துச் சட்டியில் பொத்துப்போன இலைகளையே அரிந்து வேர்க்கடலைப் பொடி போட்டு வைத்திருந்தாள். விற்க முடியாததைத் தின்றுதானே ஆக வேண்டும். முசோண்டா எல்லாவற்றையும் சொன்னாள், தன் கையெழுத்து உட்பட. அம்மா களியை உருட்டி, கீரையில் தொட்டு, மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

“வேற எவனாவது தாள நீட்டியிருந்தா அவளுங்க படிச்சுப் பாத்திருப்பாளுங்க. உன் மூஞ்சியப் பாத்துத்தான் போட்டாளுங்க. கபாசோ உன்னைக் கூட்டிட்டு வந்ததே அதுக்குத்தான்.”

“தெரியும்.”

“இப்பத் தெரியும்.”

முசோண்டா வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஓடையும் போய் வேலையும் போனால் எதைத் தின்பது, உன் சர்டிபிகேட்டையா என்று கேட்டாள். பிறகு நெடுநேரம் கபாசோவைப் பற்றியே பேசினாள். அவனுடைய அம்மாவுக்கும் ஓடையில் ஏழு பாத்தி இருந்தது. அவள் காசநோயில் படுத்த இரண்டு வருஷமும் அந்த ஏழு பாத்திக்கும் தண்ணீர் ஊற்றியது முசோண்டாவின் அம்மாதான். பயல் பள்ளிக்கூடம் விட்டு வந்து வரப்பில் உட்கார்ந்து பச்சை வெங்காயத்தைக் கடித்துத் தின்பான். வாய் நாறுகிறது என்று வாத்தியார் வெளியே நிறுத்துவார்.

“அவனைச் சபிக்கலாம்னு பாத்தேன்” என்றாள் அம்மா. “சபிச்சா அவனுக்குக் கேக்கவா போகுது. அவன் காதுல விழுற மாதிரி எதாவது செய்யணும். என்னால முடியாது. நீதான படிச்சவ.”

மறுநாள் முசோண்டா செப்டம்பர் கூட்டத்தின் குறிப்பேட்டை எடுத்து உட்கார்ந்தாள். அந்தக் கூட்டத்தின் குறிப்பை அவள் இன்னும் டைப் அடித்து முடிக்கவில்லை. பதினோராம் தீர்மானம் வந்த பக்கத்தைத் திருப்பினாள். அன்றைக்கு யாரும் ஓடை என்று சொல்லவில்லை, நிலப்பகுதி 2207 என்றுதான் சொன்னார்கள். கம்புலு இருக்கும் நாலாவது வார்டு என்பது காதில் விழுந்ததே தவிர மனதில் பதியவில்லை. இருபத்து மூன்று விஷயங்களில் அது ஒன்று. வேறு வார்டுக்காரர் ஒருவர் ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டார், ஜனங்கள் இதைப் படித்துப் பார்த்துத்தான் போட்டார்களா என்று. கபாசோ பதில் சொன்னார். மன்றமே சிரித்தது. சிலுங்வே பேனாவால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார். அப்படித் தட்டினால் இதை எழுதாதே என்று அர்த்தம். ஆனால் அவள் கை பழக்கத்தில் எழுதி முடித்திருந்தது. கபாசோ சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் அங்கே இருந்தது.

அதைவிட மோசமான ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. எல்லாரும் சிரித்தபோது அவளும் சிரித்தாள். பெரிய மனிதர்கள் சிரித்தால் சின்ன வேலைக்காரி சிரிக்கத்தானே வேண்டும். யாரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்காமலே சிரித்தாள்.

முடிவை எழுது, பேச்சை எழுதாதே என்பது சிலுங்வே சொல்லிக்கொடுத்த பாடம். முசோண்டா இந்தத் தடவை பேச்சையும் எழுதினாள். இருபத்திரண்டு பக்கத்தில் பதினான்காம் பக்கம், பஸ் நிலையக் கழிவறைக்குக் கதவு போடும் விஷயத்துக்கும் நாய் லைசென்ஸ் விஷயத்துக்கும் நடுவில். இல்லாததைச் சேர்க்கவில்லை. இருந்ததை விடவில்லை. சிலுங்வே குறிப்பைச் சரிபார்க்கும்போது அளவுகோலை வைத்துக்கொண்டு தடித்த எழுத்தில் உள்ள முடிவுகளை மட்டும்தான் படிப்பார். ஆறு மாதமாக அவள் பார்த்திருக்கிறாள். இந்தத் தடவையும் அளவுகோல் பக்கத்துக்கு இரண்டு இடத்தில் நின்று நின்று இறங்கியது. பதினான்காம் பக்கத்தில் மூன்று இடம். மூன்றும் முடிவுகள். கையெழுத்திட்டுத் தந்தார். பழுப்பு உறைகளில் போட்டு ஒட்டி, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் வியாழக்கிழமையே எல்லாக் கவுன்சிலர்களுக்கும் அனுப்பியாகிவிட்டது. அவர்கள் பிரிக்கமாட்டார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஓடைக்கு இறங்கினாள். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, லோம்பே அம்மா களை பறித்துக்கொண்டிருந்த பாத்திக்குப் போய் நின்றாள். லோம்பே அம்மா நிமிரவில்லை.

“நெழல் விழுது, தள்ளி நில்லு. இல்ல, இந்த நெழலுக்கும் கையெழுத்து வாங்க வந்தியா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த பாத்திக்காரி, இந்தத் தடவை பன்னு உண்டா என்று கேட்டாள். முசோண்டா நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள். முளை அடித்த பிறகு லோம்பே அம்மா பேரில் இவர்கள் மன்றத்துக்குக் கொடுத்த மனு வியாழக்கிழமை வருகிறது. மனு கொடுத்தவர் மூன்று நிமிஷம் பேசலாம். அன்றைக்கு உறுதிசெய்த குறிப்பில் எந்தப் பக்கத்தையாவது வாசித்துக் காட்டச் சொல்லியும் கேட்கலாம், மறுக்க முடியாது. மன்ற விதியில் அறுபத்தேழாவது. அந்த விதிப் புத்தகத்தை அவளைத் தவிர யாரும் முழுசாகப் படித்ததில்லை. “ஒண்ணே ஒண்ணு கேளுங்க அத்தை. பதினாலாம் பக்கத்த வாசின்னு கேளுங்க. வேற எதுவும் பேசாதீங்க. அழாதீங்க, கெஞ்சாதீங்க.”

“அதுல என்ன இருக்கு?”

“கபாசோ சொன்னது.”

லோம்பே அம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். முழங்கை வரைக்கும் கறுப்பு மண். “உன் பேரு அதுல இருக்கா?”

“பேரு இல்ல. ஆனா நான் இருக்கேன்.”

“அப்ப சரி” என்றாள் லோம்பே அம்மா. “போன தடவை நீ சொன்னேன்னு போட்டேன். இந்தத் தடவை நீ சொன்னேன்னு கேக்க மாட்டேன். எனக்கு என்ன வாசிக்கப் போறியோ, அத இப்ப எங்கிட்டக் குடு. நானே படிச்சிட்டுச் சொல்றேன்.”

முசோண்டா மடித்து வைத்திருந்த நகலை எடுத்துக் கொடுத்தாள். லோம்பே அம்மா வரப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. படித்து முடித்தவள் தாளை முசோண்டாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் களை பறிக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை. சிவப்பு அங்கியும் சங்கிலியுமாக மேயர் லுவாம்பா வந்து உட்கார்ந்தார். செங்கோலை வைத்தார்கள், ஜெபம் சொன்னார்கள். மின்விசிறி ஓடியதே தவிரக் காற்று வரவில்லை. கவுன்சிலர்கள் பழுப்பு உறையைப் பிரிக்காமலே விசிறிக்கொண்டார்கள்; கபாசோவின் விசிறல்தான் எல்லாரையும்விட வேகம். பார்வையாளர் வரிசையில் லோம்பே அம்மாவும் ஓடைப் பெண்கள் பதினோரு பேரும், துவைத்த சிட்டெங்கே துணி கட்டி உட்கார்ந்திருந்தார்கள். முசோண்டாவின் அம்மா நாலு நாற்காலி தள்ளித் தனியாக.

போன கூட்டத்தின் குறிப்பு எல்லாருக்கும் கிடைத்ததா என்று மேயர் கேட்டார். கிடைத்தது.

“வாசித்ததாகக் கொள்ளலாமா?”

“கொள்ளலாம், முன்மொழிகிறேன்” என்றார் கபாசோ. மாம்பழத் தோட்டத்து வார்டுக் கவுன்சிலர் வழிமொழிந்தார். இருமல் வருகிற நேரம்கூட ஆகவில்லை.

பக்கங்களைத் திருப்பிக் கொடுப்பது முசோண்டாவின் வேலை. அவள் மேயரின் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு ஓரமாகப் பிடித்தாள். அவர் சிலுங்வேயிடம் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசியபடியே பக்கத்துக்கொரு சுருக்கொப்பம் போட்டுக்கொண்டு போனார். பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்கில் பேனா மக்கர் பண்ணியது. அவர் உதறினார். மை ஒரு சொட்டு விழுந்தது. முசோண்டா தன் பேனாவை நீட்டினாள். போட்டார்.

பிறகு வழக்கமான வேலைகள். கல்லறை வேலியை ஆடு தாண்டுகிறது. ஒன்பதாம் தெருவில் விளக்கு எரியவில்லை. ஒரு முதியவர் தன் வீட்டு வாசலிலிருக்கும் பஸ் நிறுத்தத்தைத் தள்ளிப்போடும்படி மனுக் கொடுத்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் அவருடைய மாங்காயைப் பறிக்கிறார்களாம். மாங்காய் பழுத்த பிறகு பார்க்கலாம் என்று ஒரு கவுன்சிலர் சொன்னார். ஒரு போதகருக்கு ஒலிபெருக்கி அனுமதி, ஒரு முடிதிருத்துபவருக்குத் தகரக் கூரை அனுமதி. எல்லாம் எழுதினாள்.

ஓடை மனு வந்தது. கபாசோ எழுந்து, மன்றத்தின் நேரத்தை வீணாக்க வேண்டாம், அறுபத்து நான்கு பேர் தாங்களே சம்மதம் கொடுத்திருக்கிறார்கள், இப்போது யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று சொல்லி உட்கார்ந்தார். உட்காரும்போது முசோண்டாவைப் பார்த்தார். மேயர், மனுதாரர் பேசலாம் என்றார்.

லோம்பே அம்மா எழுந்தாள். கும்பிடவில்லை.

“இப்பக் கையெழுத்துப் போட்டீங்களே, அதுல பதினாலாம் பக்கத்த வாசிக்கச் சொல்லுங்க.”

மேயர் சிலுங்வேயைப் பார்த்தார். சிலுங்வே விதிப் புத்தகத்தை எடுத்தார், தேடினார், கண்டுபிடித்தார். விதிக்காரர் அவர், இருக்கிற விதியை இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. உரிமை உண்டு என்றார். வாசிம்மா என்றார் மேயர்.

முசோண்டா எழுந்து நின்று, கழிவறைக் கதவிலிருந்து ஆரம்பித்து, ஒரே குரலில் வாசித்தாள்.

“‘நிலப்பகுதி 2207. குடியிருப்பினர் ஒப்புதல் தாளைப் படித்துத்தான் கையொப்பமிட்டார்களா என ஒரு உறுப்பினர் கேட்டார். கவுன்சிலர் கபாசோ கூறியதாவது: என்னத்தப் படிச்சாங்க. அது கலர் பாட்டிலுக்கு வாங்கின வருகைத் தாளு. மேல வேண்டியத நாம அப்புறமா அடிச்சுக்கிட்டோம். வாயில பன்னு இருக்கறப்ப கண்ணு எங்க படிக்கும். உறுப்பினர்கள் சிரித்தனர். குறிப்பெழுதும் ஊழியரும் சிரித்தார். தீர்மானம் நிறைவேறியது.’”

உறைகளின் விசிறல் நின்றுபோயிற்று. மாம்பழத் தோட்டத்துக் கவுன்சிலர் தன் உறையைக் கிழித்துப் பதினான்காம் பக்கத்தைத் தேடினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கிழித்தார்கள். கிழிகிற சத்தம் மன்றம் முழுக்கக் கேட்டது. பார்வையாளர் வரிசையில் அம்மா தலையைத் தூக்கி நேராகக் கபாசோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கபாசோ, அது வேடிக்கைக்குச் சொன்னது என்றார். மேயர், அதை நீக்கிவிடுங்கள் என்றார். சிலுங்வே தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: முடியாது. முன்மொழிந்து வழிமொழிந்து கையெழுத்தாகிவிட்டது. திருத்துவதானால் அடுத்த கூட்டத்தில்தான், ஜனவரியில். அதுவரைக்கும் இது உண்மை என்று மன்றமே சாட்சி.

மேயர் பத்து நிமிஷம் டீ இடைவேளை விட்டார்.

சிலுங்வே அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கபாசோவும் பின்னாலேயே வந்தார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிலுங்வே கோபப்படவில்லை, கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகப் பேசினார். குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதும்போது தவறிவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடு. அடுத்த விஷயமே உன் வேலைதான், கையோடு நிரந்தரமாகிவிடும். லாரி நிறுத்தத்தைக் கொஞ்சம் வடக்கே தள்ளினால் ஒரு பதினோரு பாத்தி அளவு தப்பும். யாருடைய பாத்தி என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

“இல்லன்னா யோசிச்சுக்க” என்றார். “அந்தத் தாள்ல கடைசிக் கையெழுத்து உன்னுது. கபாசோ விழுந்தா உன்னையும் இழுத்துட்டுத்தான் விழுவார்.”

கபாசோ அவள் முன்னால் வந்து நின்றார். “தங்கச்சி, உங்கம்மாவும் எங்கம்மாவும் ஒரே வாய்க்கால்ல தண்ணி மோந்தவங்க.”

“அந்த வாய்க்கால்லதான் கசடு கொட்டப் போறீங்க” என்றாள் முசோண்டா. “உங்கம்மா படுத்திருந்தப்ப அவங்க பாத்திக்கு ரெண்டு வருசம் தண்ணி ஊத்தினது எங்கம்மா. அதுக்கு நீங்க ஒரு பன்னு குடுத்தீங்க.”

எத்தனை நாள் இதை மனதில் வைத்திருந்தாய் என்று சிலுங்வே கேட்டார். அன்றைக்கு முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டாயே என்றார், உண்மையாகவே மனம் புண்பட்டவர் போல. முசோண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆறு மாதத்தில் அவர் முன்னால் அவள் மனசாரச் சிரித்தது அதுதான்.

மன்றத்துக்குள் திரும்பிப் போய்த் தன் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். மன்ற முத்திரை அங்கேதான் இருக்கும். பதினான்காம் பக்கத்தை இரண்டு நகல் எடுத்து, உண்மை நகல் என்று எழுதி, முத்திரை குத்தினாள். கேட்ட மனுதாரருக்கு நகல் கொடுக்க வேண்டும், அதுவும் விதிதான். மை காயும் வரை ஊதினாள்.

மணி அடித்தது. மேயர் மறுபடியும் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். அடுத்த விஷயம், பணியாளர் நிரந்தரம் என்று படித்தார். செல்வி முசோண்டா, உன்னுடையதுதான், எழுதிக்கொள் என்றார் சிலுங்வே. குரலில் இன்னும் ஒரு கதவு திறந்துதான் இருந்தது.

அவள் எழுதவில்லை. ஊழியர்கள் போகும் பக்கக் கதவை விட்டுவிட்டு, கவுன்சிலர்களின் இரண்டு வரிசைக்கும் நடுவே நேராக நடந்தாள். கபாசோவின் நாற்காலியைத் தாண்டும்போது நடையை மாற்றவில்லை. பார்வையாளர் கதவருகே லோம்பே அம்மாவின் கையில் ஒரு நகலைக் கொடுத்தாள். எதிர்த்த கட்டடம் மாஜிஸ்திரேட் கோர்ட். சத்தியவாக்குமூலம் எழுதுகிறவன் நாலு மணி வரைக்கும் இருப்பான்.

பெண்கள் எழுந்து பின்னால் வந்தார்கள், பத்தடி தள்ளி. அம்மாவும் அவர்களோடுதான் வந்தாள். யாரும் அவளை விலக்கவில்லை, யாரும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை.

“அங்க போயி மொதல்ல யாரு பேரச் சொல்லுவ?” என்று லோம்பே அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

“என் பேர.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒருத்தர் விடாம” என்று சொல்லிவிட்டு முசோண்டா படியிறங்கி வெயிலில் நடந்தாள்.